இடிபாட்டு வேலையில் கைகளின் பாதுகாப்பு

கிராமங்களில் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டுதலும், பாழடைந்த களஞ்சியம், மாட்டுக் கொட்டில், மதிற்சுவர் முதலியவற்றை அப்புறப்படுத்தலும் ஆண்டுதோறும் நடைபெறும் வேலைகளாகும். அறுவடை முடிந்து வயல் வேலை குறைந்திருக்கும் மாதங்களில் இவை மிகுதி. இவ்வேலைகளில் கொத்தனாரோடு உழவுத் தொழிலாளரும், வீட்டுக்குடையவரும், அவர் சுற்றத்தாரும் சேர்ந்து கைகொடுப்பது வழக்கம். கட்டுவதற்குத் தேர்ந்த கொத்தனாரையும் தச்சரையும் தேடிச் செல்பவர், இடிப்பதற்கு யாராயினும் போதும் என்று எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணம். கட்டும் வேலையில் செங்கல்லும் கல்லும் மரமும் ஒவ்வொன்றாக, அளவும் பளுவும் அறியப்பட்டு, கைக்கு வருகின்றன. இடிபாட்டிலோ எது எதன்மேல் சாய்ந்து நிற்கிறது, எதை அசைத்தால் எது விழும் என்பது வெளிக்குத் தோன்றுவதில்லை. ஆகையால் இடித்தகற்றும் வேலைக்கும் அறிவும் ஒழுங்கும் மிகுதியாக வேண்டும்.

புயலும் வெள்ளமும் வந்த காலங்களில் இதன் அவசியம் இன்னும் நன்றாகத் தெரியவரும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலுக்குப் பின்னும், 2018 நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் பாழாக்கிய கஜா புயலுக்குப் பின்னும், விழுந்த ஓட்டையும் சுவரையும் மரத்தையும் விலக்கும் வேலையில் பெரும்பகுதி அந்தந்த ஊராரின் தலையிலேயே விழுந்தது. பழக்கமில்லாத வேலையை அவசரத்தில் செய்யும்போது முதலில் சேதப்படுவது கை.

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினருக்கு இவ்விஷயத்தில் தனிக் கவலை உண்டு. நிலமுடையவர் கடன் பெறும்போது நிலம் ஈடாக நிற்கிறது. நிலமில்லாதவர் பெறும் கடனுக்கு உண்மையான ஈடு அவருடைய இரு கைகளே. அக்கைகளில் ஒன்று நசுங்கினால் அவர் குடும்பத்தின் வருவாயும், அவருக்குப் பிணை நின்றவரின் நிம்மதியும், சங்கத்தின் வசூலும் ஒருங்கே குலைகின்றன. கைகளைக் காக்கும் முறைகள் கடினமானவையல்ல. பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. அவை இப்பாடத்தில் ஒழுங்குபட விளக்கப்படுகின்றன.

1. கையின் அமைப்பு

மனிதனுடைய ஒரு கையில், மணிக்கட்டு முதல் விரல் நுனி வரையில், 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றைச் சுற்றித் தோலைத் தவிர வேறு பெரிய தடுப்பு ஒன்றும் இல்லை. தொடையிலும் தோளிலும் தடித்த தசை எலும்பைக் காக்கிறது. விரலில் அத்தகைய தசை இல்லை. ஆதலால் விரலின்மேல் விழும் பளு நேரே எலும்பையே தாக்குகிறது.

விரல்களை வலுவாக மடக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறுபோல நீண்டு, உள்ளங்கை வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. ஓட்டுத் துண்டோ கண்ணாடியோ உள்ளங்கையில் ஒரு சிறு கீறல் இட்டாலும், அது ஆழமாக இறங்கினால் இந்த நாண் அறுபடும். அப்போது இரத்தம் அதிகம் வராமற்போகலாம். வலியும் சிறிதாகவே இருக்கலாம். ஆயினும் அவ்விரல் மடங்காது. இவ்வாறே உணர்ச்சி நரம்பு அறுபட்டால் விரலின் ஒரு பக்கம் மரத்துப்போகும். காயத்தின் நீளத்தைக் கொண்டு அதன் கெடுதியை அளப்பது எவ்வளவு தவறு என்பது இதனால் விளங்கும்.

ஐந்து விரல்களிலும் கட்டைவிரலே தலைமையானது. மற்ற நான்கிற்கும் எதிர்நின்று பொருளைப் பற்றச் செய்வது அதுவே. கதிரரிவாளைப் பிடித்தல், நாற்றைக் கிள்ளி நடுதல், பால் கறத்தல், கயிறு திரித்தல் ஆகிய யாவற்றிற்கும் கட்டைவிரலின் துணை வேண்டும்.

2. பளுவை அறிதல்

கண்ணால் பார்த்துப் பளுவை மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர். கீழ்க்காணும் கணக்கை மேஸ்திரி மட்டுமன்றி வேலையாட்கள் யாவரும் நினைவில் வைத்தல் நலம்.

ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. அதாவது ஒரு பெரிய நெல்மூட்டையின் பாரம். ஒரு கன அடி சிமெண்டுக் கான்கிரீட் ஏறக்குறைய 68 கிலோ. ஒரு கன அடி செங்கற்சுவர் ஏறக்குறைய 54 கிலோ. மழையில் நனைந்த சுவராயின் இன்னும் அதிகம்.

உதாரணமாக, வாசற்படியாகக் கிடந்த ஒரு கருங்கல் 6 அடி நீளமும், 1 அடி அகலமும், அரை அடி கனமும் உடையது எனக் கொள்க. அது 3 கன அடி. பளு 225 கிலோ. நால்வர் தூக்கினால் தலைக்கு 56 கிலோவாகும் என்பது காகிதக் கணக்கு. மேடுபள்ளமான இடிபாட்டின்மேல் நடக்கையில் ஒருவர் கால் தாழ்ந்தால் மற்ற இருவரிடத்தில் பளு முழுவதும் சாயும். அந்த நொடியில் பிடி நழுவுகிறது. நழுவிய கல்லுக்கும் தரைக்கும் இடையில் யாருடைய கை இருக்கிறதோ அவருக்குச் சேதம்.

கையால் தூக்குவதற்குப் பதிலாகக் கடப்பாரையால் நெம்புவதே சிறந்தது. 5 அடிக் கடப்பாரையின் முனையிலிருந்து 6 அங்குலத் தூரத்தில் ஒரு தாங்குகட்டையை வைத்து மறுமுனையை அழுத்தினால், அழுத்தும் விசையைப்போல் 9 மடங்கு பளு அசையும். 20 கிலோ அழுத்தத்தால் 180 கிலோ எழும்பும். இரண்டு ஆட்கள் வருந்தித் தூக்க முடியாததை ஓர் ஆள் நிதானமாக எழுப்பலாம். அவர் விரல்களும் கல்லிலிருந்து நான்கடி தூரத்தில் இருக்கும்.

3. காயம் நேரும் வழிகள்

இடிபாட்டு வேலையில் கைக்கு நேரும் சேதங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, நசுங்குதல். இரண்டு கற்களுக்கு இடையிலும், உத்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலும், கல்லுக்கும் வண்டியின் பலகைக்கும் இடையிலும் விரல் அகப்படுவது இது. தூக்கும்போது யாவரும் எச்சரிக்கையோடு இருக்கின்றனர். இறக்கும்போது, வேலை முடிந்தது என்ற எண்ணத்தில் கவனம் தளர்கிறது. கல்லின் அடியில் கோத்திருந்த விரல்களை எடுக்க இடமில்லாமலே கல்லைத் தரையில் வைத்துவிடுகின்றனர்.

இரண்டாவது, கிழிதலும் அறுபடுதலும். உடைந்த ஓடு, கண்ணாடி, துருப்பிடித்த தகரம், மரத்தில் நின்ற ஆணி, கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி ஆகியவை இவ்வாறு செய்வன. வளைந்து நிற்கும் கம்பியை வெட்டுகையில், அது வில்லைப்போல் திடீரென்று நிமிர்ந்து அடிப்பதும் உண்டு.

மூன்றாவது, அடிபடுதல். ஒருவர் உளியைப் பிடிக்க மற்றொருவர் சம்மட்டியால் அடிக்கையில், அடி தவறி மணிக்கட்டில் விழுகிறது. சம்மட்டியின் பிடி ஆடுவதாலும், அடிபட்டு அடிபட்டு உளியின் தலை பூப்போல் விரிந்திருப்பதாலும் இத்தீங்கு மிகுகிறது. விரிந்த தலையிலிருந்து இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணையும் கெடுக்கும்.

நான்காவது, சுண்ணாம்பாலும் சிமெண்டாலும் தோல் வெந்துபோதல். வியர்வையோடு இவை நெடுநேரம் தோலில் ஒட்டியிருந்தால் தோல் சிவந்து வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே மண்ணும் அழுக்கும் உட்புகும்.

இவற்றுள் முதலாவதே அங்கத்தை முடமாக்குவதில் தலையாயது. அதைத் தடுக்கும் விதியும் ஒன்றே: அசையக்கூடிய இரண்டு பொருள்களுக்கு இடையில் கை எப்பொழுதும் செல்லலாகாது. அங்கே செல்லத்தக்கவை மரக்கட்டை, ஆப்பு, கடப்பாரை, கயிறு ஆகியவையே. கட்டை நசுங்கினால் வேறு கட்டை வெட்டிக்கொள்ளலாம்.

4. வேலை தொடங்குமுன் செய்ய வேண்டியவை

இடிக்க வேண்டிய கட்டடத்தை மேஸ்திரி ஒருமுறை சுற்றிப் பார்த்து, எப்பகுதி எதைத் தாங்குகிறது என்பதை யாவருக்கும் விளக்க வேண்டும். மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் காரையிட்டு அமைத்த பழைய மாடித்தளம், மதராஸ் டெரஸ் என்று சொல்லப்படுவது, தென்னாட்டில் ஏராளம். கட்டையின் நடுப்பகுதி உறுதியாகத் தோன்றினும், சுவருக்குள் பதிந்த முனை கறையானாலோ ஈரத்தாலோ உளுத்திருக்கலாம். அத்தகைய தளத்தை மேலிருந்து சிறுசிறு பகுதியாகப் பிரித்தெடுக்க வேண்டும். கீழே நின்று கட்டையை உருவலாகாது. சுவரையும் மேல்வரியிலிருந்தே கழற்றி வருதல் முறை. அடியில் குடைந்து சுவரை மொத்தமாகச் சாய்ப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதுபோலத் தோன்றினாலும், அது உயிருக்கே அபாயம்.

மின்சார இணைப்பைத் துண்டித்தாயிற்று என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் கடப்பாரையைச் சுவரில் இடக் கூடாது.

மோதிரம், காப்பு, வளையல், மணிக்கட்டில் கட்டிய கயிறு ஆகியவற்றை வேலைக்கு வருமுன் கழற்றி வீட்டில் வைத்துவிட வேண்டும். ஆணியிலோ கம்பியிலோ மோதிரம் மாட்டிக்கொள்ள, ஆள் குதித்தாலும் சறுக்கினாலும், விரலின் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும். சித்தாள் வேலை செய்யும் பெண்கள் வளையலைக் கழற்றத் தயங்கினால், அவை அசையாதபடி துணியால் இறுகச் சுற்றிக்கொள்வதாவது வேண்டும்.

இடிபாட்டைக் கொண்டுசெல்லும் வழியை முதலிலேயே துப்புரவு செய்தல் வேண்டும். கற்களை அடுக்கும் இடம், மரத்தை அடுக்கும் இடம், ஆணியும் கண்ணாடியும் போடும் இடம் ஆகியவை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். மரத்தை அடுக்குமுன் அதிலுள்ள ஆணிகளைப் பிடுங்கிவிடுக. பிடுங்க முடியாதவற்றை மடக்கி அடித்துவிடுக. சிறுவர்களை இவ்வேலைக்கு அழைப்பது எவ்வகையிலும் தகாது.

5. வேலை செய்யும் முறை

குவிந்து கிடக்கும் இடிபாட்டை உச்சியிலிருந்தே எடுத்துவர வேண்டும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நல்ல மரத்தின்மேல் ஆசைகொண்டு அதை இழுப்பவர், அது தாங்கிக்கொண்டிருந்த கல்லைத் தம் கைமேல் இறக்கிக்கொள்கிறார். ஒரு பொருளை எடுக்குமுன் கடப்பாரையால் மெல்ல அசைத்துப் பார்த்து, அதனோடு வேறு எது அசைகிறது என்று கவனிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடலாகாது. ஓட்டுக் குவியலின் அடியிலும் சுவர்ப் பொந்திலும் ஆணியும் கண்ணாடியும் மட்டுமன்றித் தேளும் பாம்பும் இருக்கக்கூடும். ஒரு நீண்ட கொக்கிக் கம்பியால் இழுத்து வெளியே போட்டபின் கையால் எடுப்பது நலம். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாமலும், இறுகக் கட்டாமலும், கையை அசையாது வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

கல்லை எழுப்பும்போது, எழும்ப எழும்பக் கட்டை கொடுத்துவர வேண்டும். இரண்டங்குலம் எழும்பியதும் ஒரு கட்டை, நான்கங்குலம் எழும்பியதும் மற்றொரு கட்டை. கட்டையைக் கையால் உள்ளே வைக்காமல், ஒரு குச்சியாலோ மற்றொரு கட்டையாலோ தள்ளிச் செலுத்த வேண்டும். பின் கல்லின் கீழ் உருளைக் கட்டைகளை இட்டு உருட்டிச் செல்லலாம். உருளும் கட்டையைத் திருப்ப வேண்டின் அதன் முனையைச் சுத்தியால் தட்டுக. விரலால் பற்றித் திருப்பலாகாது.

இறக்குமிடத்தில் முன்னதாகவே இரண்டு கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் கல்லை இறக்க வேண்டும். கல்லுக்கும் தரைக்கும் இடையே கட்டையின் கனமளவு இடைவெளி இருக்குமாதலால் விரல்களைத் தீங்கின்றி எடுத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு வழக்கம் ஒன்றே எத்தனையோ விரல்களைக் காக்கும்.

பலர் சேர்ந்து தூக்கும்போது கட்டளை இடுபவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். பளு இழுக்கும் வேலையில் பழந்தமிழர் ஒருவர் பாட மற்றவர் ஏலேலோ சொல்லி இழுத்தது பொழுதுபோக்குக்காக மட்டுமன்று. எல்லாக் கைகளும் ஒரே நொடியில் இயங்கும்பொருட்டே. கட்டளைச் சொற்களை வேலைக்கு முன்னரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். “தூக்கு”, “நட”, “இறக்கு”, “கை எடு” என்னும் நான்கையும் தலைவர் ஒருவரே சொல்லலாம். “நில்” என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னவுடன் அனைவரும் நிற்க வேண்டும். “விடு” என்ற சொல்லை அறவே விலக்குக. ஒருவர் அதை மெல்ல இறக்கு என்று கொள்வார். மற்றவர் கையை எடுத்துவிடுவார். இவ்விருவருக்கும் இடையிலேயே விரல் போகிறது.

உளியை வெறுங்கையால் பிடிக்காமல் நீண்ட பிடியுள்ள குறட்டால் பிடிக்கச் செய்ய வேண்டும். கூடையையும் இரும்புச் சட்டியையும் விளிம்புக்கு மேல் நிரப்பலாகாது. மேலே அடுக்கிய துண்டு சரியும்போது தலைச்சுமை சுமப்பவர் இயல்பாகவே கையை உயர்த்தி அதைத் தடுக்க முயல்வார்.

வெயிலும் களைப்பும் மிகுந்த பிற்பகலில் பிடி தளரும். பளுவான கற்களைக் காலையிலேயே அகற்றிவிட்டு, ஓடு பொறுக்குதல், செங்கல் சுரண்டுதல் போன்றவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுதல் சிலாக்கியம்.

6. கையுறையின் பயனும் எல்லையும்

தடித்த தோலால் செய்த கையுறை கிழிசலையும் கீறலையும் பெரிதும் தடுக்கும். சுண்ணாம்பிலும் ஈரச் சிமெண்டிலும் வேலை செய்வோர்க்கு ரப்பர்க் கையுறை ஏற்றது. கைக்குப் பெரிதான கையுறை பிடியைத் தளர்த்தும். சிறிதானது விரலை மரக்கச் செய்யும். ஆதலால் ஆளுக்கேற்ற அளவு வேண்டும்.

ஆனால் கையுறை அணிந்தவர்க்கு ஒன்றும் நேராது என்று எண்ணுவது மயக்கம். 225 கிலோக் கல் விழுந்தால் தோலுறை எலும்பைக் காவாது. மேலும் கான்கிரீட் கலவை இயந்திரம், துளையிடும் இயந்திரம் போன்ற சுழலும் பொறிகளின் அருகே தளர்ந்த கையுறை அணிந்து வேலை செய்யலாகாது. சுழலும் பாகம் உறையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

7. காயம் பட்டால் செய்யத்தக்கதும் தகாததும்

இரத்தம் பெருகினால், தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். பத்து நிமிஷம் துணியை எடுத்துப் பார்க்காமல் அழுத்தினால் பெரும்பாலும் இரத்தம் நிற்கும். விரலின் அடியில் நூலாலோ கம்பியாலோ இறுகக் கட்டுவது தவறு. அது விரலுக்கு உயிர்தரும் இரத்தத்தையே நிறுத்திவிடும். மோதிரம் கழற்றாமல் இருந்திருந்தால், வீக்கம் தோன்றுமுன் உடனே கழற்றிவிட வேண்டும். ஆழமாகக் குத்தி நிற்கும் கம்பியையோ மரச்சிம்பையோ பிடுங்காமல், அது அசையாதபடி சுற்றிலும் துணிவைத்துக் கட்டி அனுப்புக.

காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், சாணம், மண்ணெண்ணெய் முதலியவற்றைக் காயத்தில் இடும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். இவை இரத்தத்தை நிறுத்துவனபோலத் தோன்றினும், காயத்தை அசுத்தப்படுத்தி, மருத்துவர் அதை ஆராய்வதற்கும் தடையாகின்றன. சிறு கீறலாயின் தூய நீரை ஓடவிட்டுச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சுண்ணாம்போ சிமெண்டோ பட்டு எரிந்தால் 20 நிமிஷத்துக்குக் குறையாமல் நீரூற்றிக் கழுவ வேண்டும்.

இரத்தம் நின்றபின் மூன்று சோதனைகள் செய்க. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கணுவிலும் மடங்கி நிமிர்கிறதா? விரலின் இரு பக்கங்களிலும் தொடுஉணர்ச்சி இருக்கிறதா? விரல் நுனி மற்ற விரல்களைப்போல் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்பது விடையாயின், காயம் எவ்வளவு சிறிதாயினும் மருத்துவமனைக்குச் செல்வதில் தாமதம் கூடாது.

நசுங்கிய கையில் தோல் கிழியாமலே பெருந்தீங்கு நேரலாம். கை இறுகி வீங்கி, விரல்களைப் பிறர் நிமிர்த்தும்போது தாங்கமுடியாத வலி தோன்றினால், உள்ளே இரத்த ஓட்டம் தடைப்படுகிறது என்பது பொருள். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் தசை அழிந்துபோகும். எண்ணெய் தடவி நீவிவிட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருப்பதால் கை பாழாகிறது.

விரல் துண்டிக்கப்பட்டால் அத்துண்டைத் தேடி எடுத்து, மண் இருந்தால் தூய நீரில் மெல்ல அலசி, ஈரமான தூய துணியில் சுற்றி, நீர்புகாத பாலிதீன் பையில் இட்டு வாயைக் கட்டுக. அப்பையை, பனிக்கட்டியும் நீரும் உள்ள மற்றொரு பையில் வைத்து, காயம்பட்டவரோடேயே அனுப்புக. துண்டை நேரே பனிக்கட்டியின்மேல் வைத்தால் அது உறைந்து கெடும். இவ்வாறு குளிர்ச்சியாகக் கொண்டுசென்றால் பொருத்தக்கூடிய வாய்ப்பு உண்டு. எல்லா மருத்துவமனைகளிலும் இது இயலாது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவு அமைந்துள்ளது. அருகிலுள்ள வசதியை 108 என்னும் எண்ணில் அழைக்கும் இலவச ஊர்தியிலுள்ளவரிடமோ மருத்துவரிடமோ கேட்டறிந்து செல்வது நலம்.

இறுதியாக ரணஜன்னி. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமி, ஆணி குத்திய ஆழமான காயத்தில் காற்றுப்படாத இடத்தில் வளர்ந்து இந்நோயை உண்டாக்குகிறது. காயம் ஆறியதுபோலத் தோன்றியபின்னும், ஏறக்குறைய 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுகி உடல் விறைக்கத் தொடங்கும். இந்நோய் கண்டபின் உயிருக்கு அபாயம் மிகுதி. வருமுன் தடுப்பதோ மிக எளிது. சிறுவயதில் இட்ட ஊசி ஆயுள் முழுவதும் காவாது; 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் இட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கான காயம் பட்டவர், கடைசி ஊசி இட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால், உடனே இட்டுக்கொள்ள வேண்டும்.

8. சட்டமும் சங்கத்தின் கடமையும்

வேலையில் நேர்ந்த காயத்துக்கு நஷ்டஈடு கொடுக்கும் சட்டம் இந்தியாவில் 1923-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் திருத்தப்பட்ட அதன் அட்டவணையில், கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கும், சுட்டுவிரலுக்கு 14 பங்கும், நடுவிரலுக்கு 12 பங்கும், ஒரு கையின் நான்கு விரல்களுக்கு 50 பங்கும் நஷ்டமாகக் கணக்கிடப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. சட்டத்தின் பெயர் மாறினும், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு வேலை கொடுத்தவர் பொறுப்பாளி என்ற கொள்கை மாறவில்லை.

நூற்றுக்கு 30 என்பது பொதுவான அளவே. நாற்று நடுபவருக்கும் பால் கறப்பவருக்கும் கட்டைவிரலின் மதிப்பு அதனினும் அதிகம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஈட்டுத்தொகை குடும்பத்தைச் சில காலம் தாங்கும்; விரலைத் திருப்பித் தராது.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர்க்கென 1994-ஆம் ஆண்டில் நல வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் உதவியைப் பெறப் பெயர்ப் பதிவு வேண்டும். கட்டட வேலைக்குச் செல்லும் அங்கத்தினர் பதிவு செய்துகொண்டுள்ளனரா, பதிவைப் புதுப்பித்துள்ளனரா என்பதைக் காரியதரிசி விசாரித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் பெருந்தொண்டாகும்.

சங்கம் தானே ஒப்பந்த வேலை எடுத்தாலும், தன் கிடங்கைப் பழுதுபார்த்தாலும், வேலை கொடுப்பவரின் பொறுப்பு அதன்மேல் விழுகிறது. எவருக்குக் காயம் நேர்ந்தாலும் நாள், நேரம், இடம், செய்த வேலை, கண்ட சாட்சிகள் ஆகியவற்றை அன்றே ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். இக்குறிப்பு ஈட்டுத்தொகை பெறுவதற்குச் சான்றாகும். அடுத்த காயத்தைத் தடுப்பதற்கு வழிகாட்டியும் ஆகும்.

தனி ஒருவர் தம் வீட்டை ஆயுளில் ஒருமுறை இடிப்பதற்காகக் கருவிகள் யாவும் வாங்கமாட்டார். ஆகவே வெறுங்கையே கருவியாகிறது. இக்குறையை நீக்கச் சங்கம் ஒரு பொதுக் கருவித் தொகுதியை வைத்துக்கொள்ளலாம். நான்கு கடப்பாரை, கைப்பிடி உறுதியான இரண்டு சம்மட்டி, நீண்ட குறடு இரண்டு, கொக்கிக் கம்பி இரண்டு, கப்பியும் கயிறும், உருளைக் கட்டைகள், ஆப்புகள், பலவகைக் கனமுள்ள தாங்குகட்டைகள், பத்து ஜோடித் தோலுறை, ஒரு முதலுதவிப் பெட்டி ஆகியவை போதும். கட்டைகளை ஊர்த் தச்சரின் கழிவுமரத்திலிருந்தே செய்துகொள்ளலாம். சிறு வாடகைக்கு இவற்றை அங்கத்தினர்க்குக் கொடுத்து, அவ்வாடகையைக்கொண்டு பழுதுபார்த்து வரலாம். பெற்றுச் செல்பவர் திருப்பித் தரும்போது பிடி, கயிறு, உளித்தலை ஆகியவற்றைச் சோதித்த பின்னரே அடுத்தவர்க்குக் கொடுத்தல் வேண்டும். ஒரு கட்டைவிரலின் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் இத்தொகுதியின் விலை அற்பமானது.

பாடச் சுருக்கம்

அசையும் இரண்டு பொருள்களுக்கு இடையில் கட்டை செல்லட்டும், கை செல்லலாகாது. மேலிருந்து எடுக்க வேண்டும். நெம்பி எழுப்பிக் கட்டை கொடுக்க வேண்டும். இறக்குமிடத்தில் முன்னதாகக் கட்டை பரப்ப வேண்டும். கட்டளை ஒருவருடையதாக இருக்க, நிறுத்தும் உரிமை அனைவருக்கும் வேண்டும். சிறு காயத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ரணஜன்னி ஊசியை மறக்கலாகாது.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சென்ற மூன்று ஆண்டுகளில் இவ்வூரில் கட்டட வேலையிலோ இடிபாட்டு வேலையிலோ கையில் காயம்பட்டவர் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எத்தனை நாள் வேலை இழந்தனர்?

2. அக்காயங்களுள் தூக்கும்போது நேர்ந்தவை எவை, இறக்கும்போது நேர்ந்தவை எவை?

3. 4 அடி நீளமும், 1 அடி அகலமும், முக்கால் அடி கனமும் உள்ள கருங்கல்லின் பளு என்ன? அதை அகற்ற என்னென்ன கருவிகள் வேண்டும்?

4. பொதுக் கருவித் தொகுதியில் எவை ஊரிலேயே கிடைக்கும்? எவற்றை வாங்க வேண்டும்? செலவு என்ன? வாடகை எவ்வளவு வைக்கலாம்?

5. இரவில் விரல் துண்டிக்கப்பட்டால் எந்த மருத்துவமனைக்குச் செல்வது, எவ்வழியாகச் செல்வது, பனிக்கட்டி எங்கே கிடைக்கும் என்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

6. கட்டட வேலைக்குச் செல்லும் அங்கத்தினருள் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் யார் யார்? அவர்களுக்கு உதவும் பொறுப்பை ஏற்பவர் யார்?